குதிகாலில் திரும்பும் நூல்

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை, பாதம் மரத்துப்போய்விட்டது. அவருக்குக் காலுறை பின்ன மென்மையான கம்பளி நூல் வாங்கி, படிகார நீரில் ஊறவைத்து, சிட்டத்தின் ஒரு பாதியை மஞ்சிட்டியிலும் மறுபாதியைக் கடுக்காயிலும் காய்ச்சிச் சாயமேற்றியிருக்கிறார். கணுக்கால் வரை சிவப்பும் மஞ்சளும் சுற்றுக்குச் சுற்று அழகாக மாறி வந்தனவாம். குதிகாலுக்கு வந்ததும் பின்னல் நின்றுபோனது, நிறமும் குழம்பிவிட்டது.

இரண்டும் ஒரே சிக்கல்தான். கண்ணி ஒன்றுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நூல் பிடிக்கும். 64 கண்ணிச் சுற்றுக்கு 64 செ.மீ. சிட்டத்தின் சுற்றளவு 130 செ.மீ. அளவில் இருந்தால், ஒரு சுற்று சிவப்பு, மறு சுற்று மஞ்சள் என்று விழும். குதிகாலில் கண்ணிகளின் கணக்கு மாறுகிறது. நிறம் கணக்கைத்தான் பின்தொடரும்.

அங்கே 32 கண்ணிகளை மேல்பாதத்துக்காக ஊசியிலேயே விட்டுவிட வேண்டும். மீதி 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரி பின்னினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு சதுர மடல் தொங்கும். இப்போது வரி பாதியளவே என்பதால் ஒவ்வொரு நிறமும் இரண்டிரண்டு வரியாகத் தடிக்கும். வரிதோறும் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவந்தால் இரு ஓரத்திலும் 16 நீளக் கண்ணிகள் நிற்கும்.

அடுத்தது எனக்கு என்றும் அலுக்காத இடம். 18 கண்ணி பின்னி, இரண்டை ஒன்றாக்கி, இன்னொன்று பின்னி, வரி முடியும் முன்பே திரும்புகிறோம். 11 கண்ணிகள் காத்திருக்கும். மறுபக்கம் முதல் கண்ணியை மாற்றி, 5 பின்னி, இரண்டை ஒன்றாக்கி, ஒன்று பின்னி மீண்டும் திரும்பல். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி தள்ளிப் போய், காத்திருப்பவற்றை உள்ளே சேர்த்துக்கொள்கிறோம். 18 கண்ணிகள் மிஞ்சும்போது தட்டைத் துணி கிண்ணமாகக் குழிந்திருக்கும். நடுவில் வரிகள் அதிகம், ஓரத்தில் குறைவு. அந்த வித்தியாசமே குழிவு. என் பாட்டி தொன்னைக்கு இலையை மடித்து ஈர்க்குக் குத்துவார். இங்கே மடிப்பும் இல்லை, ஈர்க்கும் இல்லை.

பிறகு 18, ஓரங்களின் 16ம் 16ம், காத்திருந்த 32: மொத்தம் 82. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து 64க்கு வந்தால், நிறங்களும் பழையபடி ஒழுங்காகும்.

ஆனால் இந்த அப்பாவுக்கு வேறு யோசனை சொல்கிறேன். குதிகாலிலிருந்து சாயமேற்றாத வெள்ளை நூலுக்கு மாறிவிடுங்கள். உணர்வற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது; கறையைப் பார்த்துத்தான் புண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். மஞ்சிட்டிச் சிவப்பில் ரத்தக் கறை மறைந்துபோகும்.

மரத்த பாதத்தின் துயரத்தை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோயும் பாதத்தின் உணர்வைப் பறிக்கும். அந்த நோயால் ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டும், ஊர் ஊராக நடந்தே சென்று விடுதலை பேசியவர் சுப்பிரமணிய சிவா. 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில்தான் மறைந்தார். நூறு வருடம் கழித்தும், சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிக்கும் வீடுகளில் பெரியவர்களின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கணுக்காலில் பள்ளம் பதியும் இறுக்கமான எலாஸ்டிக் சாக்ஸை மாட்டிவிட்டு, கவனித்துக்கொண்டதாக நினைக்கிறோம். தினமும் இரவில் பாதத்தைப் பார்ப்பதற்குக் காசே வேண்டாம்.

நூல் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள். இரு நுனிகளையும் பிரித்து, நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடேறத் தேய்த்தால் கம்பளி ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். சூப்பர்வாஷ் என்று சீட்டு ஒட்டிய நூலில் இது நடக்காது. அதில் நுனிகளைப் பாதத்துக்கு வெளிப்புறமாகக் கோர்த்துவிடுங்கள். விரல் நுனியில் மிஞ்சும் கண்ணிகளை மடித்துத் தைத்தால் மேடு விழும். மழுங்கிய ஊசியால் எதிரெதிராகக் கோர்த்து, ஒரு பின்னல் வரி போலவே மூடுங்கள். துவைப்பது பச்சைத் தண்ணீரில், கசக்காமல்.