ஆறு ஹெட்செட், 70 எபிசோடு: 'தி கில்ட்' பற்றி ஒரு ரசிகனின் குறிப்புகள்

'தி கில்ட்' என்று பெயரைச் சொன்னால் என் நண்பர்களில் பாதிப் பேர் "எந்த ஓடிடில வருது?"ன்னு கேக்கறாங்க. ஓடிடிங்கற வார்த்தையே நம்ம காதில் விழாத காலத்துத் தொடர் இது. 2007 ஜூலை 27 அன்று யூடியூபில் முதல் எபிசோடு வந்தது. அப்போ யூடியூபுக்கே இரண்டு வயசுதான். 2013 தொடக்கத்தில் ஆறாவது சீசனோடு முடிந்தது. மொத்தம் 70 எபிசோடு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். லீவு நாள் ஒன்று கிடைத்தால் மொத்தத்தையும் பார்த்து முடித்துவிடலாம்.

நான் இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று யோசித்தபோது சில விஷயங்கள் தெளிவானது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஆன்லைன் கேம் ஆடாதவர்களுக்கும் புரியற மாதிரியே சொல்றேன்.

கில்ட் என்றால் என்ன?

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து ஆடும் கற்பனை உலக விளையாட்டுகள் உண்டு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அதில் ரொம்பப் பிரபலம். இதில் பெரிய அரக்கனைத் தனியாளாக அடிக்க முடியாது. ஒரு குழு வேண்டும். அந்த நிரந்தரக் குழுதான் கில்ட். குழுவுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. ஒருத்தர் முன்னாடி நின்று அடியெல்லாம் வாங்கிக்கொள்வார். ஒருத்தர் பின்னாடி நின்று அடிபட்டவர்களுக்கு உயிர் ஊட்டிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் தாக்குவார்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிப் பேசி ஆடுவார்கள். ராத்திரி ராத்திரியாக, மாதக்கணக்கில், ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் பார்க்காமலே.

'நைட்ஸ் ஆஃப் குட்' என்ற அப்படிப்பட்ட ஒரு ஆறு பேர் குழுதான் இந்தத் தொடரின் நாயகர்கள். அவர்கள் ஆடும் விளையாட்டுக்குத் தொடரில் பெயரே கிடையாது. 'தி கேம்' அவ்வளவுதான்.

முதல் நகைச்சுவை இங்கேயே ஆரம்பிச்சிடுது. கோடெக்ஸ் என்ற பெண் விளையாட்டில் வைத்தியம் பார்ப்பவள், எல்லாரையும் உயிரோடு வைத்திருப்பவள். நிஜத்தில் வேலையில்லாத வயலின் கலைஞர். வீட்டை விட்டு வெளியே போகவே பயம். முதல் எபிசோடிலேயே அவளுடைய மனநல ஆலோசகர் அவளைக் கைகழுவி விடுகிறார். முன்னால் நின்று அடிவாங்கும் வீரனும் குழுத் தலைவருமான வோர்க், நிஜத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்க்கும் மகா கஞ்சன். கிளாரா மூன்று பிள்ளைகளின் அம்மா. பிள்ளை அழுகிற சத்தத்தைவிட ஹெட்செட் சத்தம்தான் அவளுக்கு முக்கியம். மற்ற எல்லாரும் புனைபெயரில் ஒளிந்துகொள்ள, அவள் மட்டும் சொந்தப் பெயரையே விளையாட்டிலும் வைத்திருக்கிறாள். பிளேட்ஸ் பள்ளிக்கூடப் பையன், வாய்த் துடுக்கு. டிங்கர்பால்லா தன் நிஜப் பெயரைக்கூட யாரிடமும் சொல்லாதவள். ஆறாவது ஆள் ஸாபூ. அவனைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், அப்புறம் வருகிறேன்.

கதை தொடங்குவது எப்படி? ஸாபூ ஒருநாள் பெட்டியும் படுக்கையுமாக கோடெக்ஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் சாட்டில் போட்ட சிரிப்புக் குறிகளை எல்லாம் காதல் என்று எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டான். அவ்வளவு நாள் வெறும் குரலாக இருந்த ஒருவன் திடீரென்று உடம்போடு, மூட்டையோடு வீட்டுக்குள் நிற்கிறான். தொடர் முழுக்க இந்த ஒரு அதிர்ச்சியைத்தான் வெவ்வேறு விதமாகத் திருப்பிப் போடுகிறது.

பைலட்டாக எழுதி, யாருக்கும் வேண்டாமல் போனது

இதை எழுதியதும் கோடெக்ஸாக நடித்ததும் ஃபெலிசியா டே. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வயலினும் படித்தவர். லாஸ் ஏஞ்சலஸ் வந்து விளம்பரங்களிலும் சின்ன வேடங்களிலும் நடித்தார். 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' தொடரின் கடைசி சீசனில் வை என்ற பாத்திரம் கிடைத்தது. நடுவில் வார்கிராஃப்டில் விழுந்தார். சும்மா பொழுதுபோக்காக இல்லை, வேலைக்குப் போகிற மாதிரி. அந்தப் பிடியிலிருந்து வெளியே வந்தபின், அந்த அனுபவத்தை வைத்து அரை மணி நேர டிவி தொடருக்கான பைலட் ஒன்றை எழுதினார்.

டிவிக்கு அது சரிப்படாது, ரொம்பச் சிறிய கூட்டத்துக்கான விஷயம் என்றார்கள். அப்போது கிம் ஈவி என்ற தயாரிப்பாளர் இணையத்துக்காக இதை எடுக்கலாமே என்றார். ஏற்கனவே யூடியூபுக்குப் படம் எடுத்துப் பழகியவர் அவர். சொந்தக் காசில் முதல் மூன்று எபிசோடுகளை எடுத்தார்கள். காசு தீர்ந்தது. பேபால் வழியாகப் பார்வையாளர்களிடம் நன்கொடை கேட்டார்கள். முதல் சீசனின் மிச்ச எபிசோடுகள் அந்தப் பணத்தில்தான் வந்தன.

இன்னைக்கு இது சாதாரணமாத் தெரியும். ஆனால் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியது 2009ல், பேட்ரியான் 2013ல். 2007ல் முகம் தெரியாத ஒருத்தர் எடுக்கும் நகைச்சுவைத் தொடருக்கு, அடுத்த எபிசோடு வரணுமேன்னு யாரோ எங்கிருந்தோ பணம் அனுப்பினாங்க. முகம் பார்க்காதவர்கள் சேர்ந்து ஒரு குழுவாக இயங்கும் கதையை, முகம் பார்க்காதவர்கள் சேர்ந்தே எடுக்க வைத்தார்கள்.

காசில்லாததே வடிவமானது

ஒவ்வொரு எபிசோடும் கோடெக்ஸ் வெப்கேமரா முன்னால் உட்கார்ந்து தன் புலம்பலைச் சொல்வதில் தொடங்கும். ஒரு நடிகை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் இந்த ஒன்றரை நிமிஷத்தில் மூன்று வேலை நடக்கிறது. போன எபிசோடில் என்ன நடந்தது என்று நினைவூட்டியாகிவிட்டது. யாரிடமும் நேரில் பேச முடியாத ஒருத்தி கேமராவிடம் மட்டும் கொட்டித் தீர்க்கிறாள் என்று பாத்திரத்தைக் காட்டியாகிவிட்டது. பார்க்கிறவரை அவளுடைய நண்பராக்கியாகிவிட்டது, ஏன்னா அவள் நம்மைப் பார்த்துத்தானே பேசறா.

அதேபோல, விளையாட்டுத் திரையை நாம் பார்ப்பதே அபூர்வம். அரக்கன், வாள், நெருப்பு எதுவும் இல்லை. திரையின் வெளிச்சம் விழும் முகங்களும் கத்தும் வாய்களும் மட்டும்தான். கிராபிக்ஸுக்குக் காசில்லாததால் வந்த முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதனால்தான் கேம் தெரியாதவர்களும் இதைப் பார்க்க முடிகிறது. வாளைக் காட்டியிருந்தால் நாம் வாளைப் பார்த்திருப்போம். இப்போது அடுக்களை மேஜையில் லேப்டாப் வைத்துக்கொண்டு போர் நடத்தும் ஒரு அம்மாவைப் பார்க்கிறோம்.

நீளமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் யூடியூபில் ஒரு வீடியோ 10 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. முதல் சீசன் எபிசோடுகள் சில நிமிஷம்தான். அதற்குள் ஒரு சிக்கல், ஒரு திருப்பம், 'அடுத்து என்ன' என்ற கொக்கி. நம்ம பக்கம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அளவும் இந்த வெட்டும் ரொம்பப் பழக்கமானது.

ஸாபூ, அதாவது சுஜன் பாலகிருஷ்ணன் கோல்ட்பர்க்

ஆமாங்க, பாலகிருஷ்ணன்! ஸாபூவின் முழுப்பெயரைக் கேட்டதும் நான் வீடியோவை நிறுத்தி இன்னொரு தடவை கேட்டேன். அம்மா இந்தியர், அப்பா யூதர். நடித்தவர் சந்தீப் பாரிக்.

அம்மாவின் முந்தானைக்குள்ளேயே வளர்ந்த பையன். அம்மா எங்கு போனாலும் பின்தொடர்கிறாள். முதல் சீசனின் கடைசிப் போர் எந்த அரக்கனோடும் இல்லை, ஸாபூவின் அம்மாவோடுதான். பிள்ளையை விடமாட்டேன் என்று நிற்கும் இந்திய அம்மா என்பது அமெரிக்கத் தொடர்களில் தேய்ந்துபோன அச்சு. எனக்கு அந்த இடங்களில் நெளிவாகத்தான் இருக்கிறது. இன்னொரு நெளிவு, வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் சுற்றி வருவதை முதல் சீசன் பெரும்பாலும் சிரிப்பாகவே எடுத்துக்கொள்வது. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி போதும். ஒரு வித்தியாசம், இங்கே கோடெக்ஸ் கடைசியில் மனம் மாறி அவன் காலடியில் விழுவதில்லை. அவளுடைய 'வேண்டாம்' வேண்டாமாகவே இருக்கிறது, மாறவேண்டியவன் அவன்தான். அதற்கு மார்க் போடலாம்.

டிங்கர்பால்லாவின் ரகசியம் இன்னும் நம்ம வீட்டுக்குப் பக்கம். டாக்டருக்குப் படிக்கிறாள் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கிறது. அவள் படிப்பதோ ஆடை வடிவமைப்பு. யாரிடமும் பெயர்கூடச் சொல்லாத அந்தத் திமிருக்குப் பின்னால் இந்தப் பொய் இருக்கிறது என்று நான்காவது சீசனில் தெரியவரும்போது, முதல் மூன்று சீசன்களும் வேறு மாதிரி தெரிகிறது.

யாருடைய சொத்து?

முதல் சீசன் வந்துகொண்டிருந்தபோதே, 2007 நவம்பரில், அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2008 பிப்ரவரி வரை 100 நாள் நீடித்தது. முக்கியமான கேள்வி, தங்கள் எழுத்து இணையத்தில் ஓடும்போது தங்களுக்கு என்ன பங்கு என்பது. பெரிய ஸ்டுடியோக்கள் இணையத்தில் வருமானம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், இரண்டு பெண்கள் வீட்டிலிருந்தே ஒரு தொடரை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலைநிறுத்த நாட்களில் ஜாஸ் வீடன் யோசித்து எடுத்ததுதான் 'டாக்டர் ஹாரிபிள்ஸ் சிங்-அலாங் பிளாக்'. 2008 ஜூலையில் வந்து, அடுத்த வருஷம் எம்மி வாங்கியது. 'தி கில்ட்' அதற்கு ஒரு தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் நாயகியாக நடித்ததும் ஃபெலிசியா டேதான்.

இரண்டாவது சீசனுக்கு மைக்ரோசாஃப்ட் வந்தது. எக்ஸ்பாக்ஸில் முதலில் வெளியாகும், ஸ்பிரிண்ட் நிறுவனம் விளம்பரதாரர். ஆனால் தொடரின் உரிமை ஃபெலிசியாவிடமே இருந்தது. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையின் முதுகெலும்பு இதுதான். உரிமையை விற்றிருந்தால் கையில் உடனே காசு வந்திருக்கும். அதோடு "கேம் பேச்சைக் குறை, காதலைக் கூட்டு" என்ற யோசனைகளும் வந்திருக்கும். முதலில் எதற்காக டிவி வேண்டாம் என்றதோ, அதையே திருத்தச் சொல்லியிருப்பார்கள்.

உரிமை கையில் இருந்ததால்தான் விளையாட்டுத்தனமும் மிச்சமிருந்தது. 2009ல் 'டூ யூ வான்ன டேட் மை அவதார்' என்று ஒரு பாட்டு எடுத்தார்கள். அமேசானின் எம்பி3 விற்பனையில் முதலிடம் பிடித்தது. 2010ல் 'கேம் ஆன்' என்று பாலிவுட் பாணியில் இன்னொன்று. கலர் கலராக உடுத்தி, கூட்டமாக ஆடி, ஸாபூ தன் ரத்தத்துக்கு நியாயம் செய்கிறான்.

எங்கே தொய்வு, எங்கிருந்து பார்க்கலாம்

எல்லாமே பிரமாதம்னு சொல்ல மாட்டேன். மூன்றாவது சீசனில் எதிரணித் தலைவன் ஃபாக்ஸாக வில் வீட்டன் வந்தது நல்ல வரவு. அந்த சீசன்தான் என் கணிப்பில் உச்சம். ஐந்தாவதில் கதை ஒரு கேம் மாநாட்டுக்குப் போகிறது. ஸ்டான் லீ, நீல் கெய்மன் என்று பிரபலங்கள் தலைகாட்ட, ஆறு பேரும் கொஞ்சம் கூட்டத்தில் தொலைகிறார்கள். ஆறாவதில் கோடெக்ஸுக்கு அந்த விளையாட்டை உருவாக்கும் நிறுவனத்திலேயே வேலை கிடைக்கிறது. வீட்டை விட்டு வெளியே வரப் பயந்தவள் அலுவலகத்தில் நின்று வாதாடுகிறாள். முடிக்க அதைவிடச் சரியான இடம் இல்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் மூன்று எபிசோடைச் சேர்த்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், மனஸ்தாபம் இல்லை.

எனக்கு ஏன் பிடித்தது? ஒரு ஆன்லைன் விளையாட்டில் மூன்று வருஷம் என் கூட ஆடிய ஒருத்தர் இருந்தார். குரல் தெரியும். அவர் வீட்டு நாய் எப்போது குரைக்கும் என்று தெரியும். ஊர் தெரியாது, பெயர் தெரியாது. ஒருநாள் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. விசாரிக்க ஒரு வழியும் இல்லை. இதை வீட்டில் சொன்னால், "பேரே தெரியாத ஆளுக்கா இவ்ளோ கவலை?" என்பார்கள்.

'தி கில்ட்' அந்தக் கவலையைக் கேலி செய்யாத தொடர். ஆறு பேரையும் வாரிக் கேலி செய்கிறது. அவர்கள் கஞ்சத்தனம், சுயநலம், அழுக்கு மேஜை எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒருத்தருக்குச் சிக்கல் என்றால் மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பி வருவார்கள். ஹெட்செட்டில் கேட்ட குரலுக்காக நிஜத்தில் கதவைத் திறந்து வெளியே வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தத் தொடருக்குத் தெரிந்திருந்தது.