மூளைக் கோட்டைக்குள் ஓர் ஒற்றன்

1901-ம் வருஷம் நவம்பர் மாதம், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் அகுஸ்தே டேட்டர் என்னும் ஸ்திரீ சேர்க்கப்பட்டாள். வயது 51. அவளுடைய பெயரைக் கேட்டார் டாக்டர், "அகுஸ்தே" என்றாள். புருஷன் பெயரைக் கேட்டார்; அதற்கும் தன் பெயரையே சொன்னாள்!

அந்த டாக்டர்தான் அலாய்ஸ் அல்ஸைமர். 1906-ல் அவள் இறந்ததும், மூளையை மெல்லிய துண்டுகளாக அரிந்து, வெள்ளி உப்பினால் சாயமேற்றிப் பூதக்கண்ணாடி யந்திரத்தில் பார்த்தார். அணுக்களுக்கு வெளியே கட்டி கட்டியாக ஒரு படிவு. உள்ளே முறுக்கிக்கொண்ட நார்கள். முன்னது அமிலாய்டு என்ற புரதம், பின்னது டௌ என்ற புரதம் என்பது பின்னால் தெரிந்தது.

ஆனால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரையில், இவற்றைக் கண்ணால் காண வேண்டுமானால் நோயாளி இறந்தாக வேண்டும். உயிரோடிருப்பவர் விஷயத்தில் வைத்தியர் செய்ததெல்லாம் அறிகுறிகளைக் கொண்டு ஊகித்ததுதான். வியாதி இன்னதென்று மரணத்துக்குப் பிறகு நிச்சயித்து யாருக்கு என்ன லாபம்?

2002-ல் இந்த நிலைமை மாறியது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையார் ஒரு சாயப் பொருளைத் திருத்தி, அதில் கதிர்வீசும் கார்பன் அணுவைப் பொருத்தினார்கள். ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் அதை ஒரு நோயாளியின் ரத்தத்தில் செலுத்தியபோது, மூளைப் படிவுகள் 'பெட்' என்னும் படத்தில் ஒளிர்ந்தன. அந்தக் கார்பனின் வீரியம் 20 நிமிஷத்தில் பாதியாகிவிடும். ஆகவே தயாரிக்கும் யந்திரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 110 நிமிஷம் தாங்கும் புளோரின் சாயத்துக்கு 2012-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்தது.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. இந்தச் சாயங்கள் இறுகிப்போன பழம் படிவுகளைத்தான் பற்றுகின்றன. மூளையில் நிறையப் படிவு இருந்தும் தெளிந்த புத்தியுடன் வாழும் கிழவர்கள் உண்டு. கரைந்து திரியும் சிறு திரள்களே அதிகத் தீங்கு செய்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய சந்தேகம். டம்ளரின் அடியில் தங்கிய மண்டியைப் பார்த்து, காப்பியில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று சொல்ல முடியுமோ?

அந்தச் சிறு திரள்களை இனம் கண்டு பிடிக்கும் சாமர்த்தியம் ஆண்டிபாடி என்ற எதிர்ப்பொருளுக்கு உண்டு. சங்கடம் என்னவென்றால், அதன் உருவம் பெரிது. மூளையைச் சுற்றியுள்ள காவலோ பலமானது. 1885-லேயே பால் எர்லிக், பிராணியின் ரத்தத்தில் செலுத்திய சாயம் மற்ற உறுப்புகளிலெல்லாம் ஏறியும் மூளையில் மாத்திரம் ஏறாததைக் கண்டார். செலுத்தும் எதிர்ப்பொருளில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும்.

உப்சாலா ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு யுக்தி செய்தனர். மூளைக்கு இரும்புச் சத்து வேண்டும். அதைச் சுமந்துவரும் புரதத்துக்குக் காவலில் தனி வாசல் உண்டு. அந்த வாசலைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளின் பகுதியைத் தங்கள் எதிர்ப்பொருளோடு பிணைத்து, கதிர்வீசும் அயோடினை ஏற்றி அனுப்பினார்கள். ஒற்றன் உள்ளே போய்விட்டான்! வியாதிக்கான மனித ஜீனைச் சேர்த்து வளர்த்த சுண்டெலிகளில் இது பலித்ததை 2016-ல் வெளியிட்டார்கள். படத்தின் ஒளி, கரைந்த திரள்களின் அளவோடு ஒத்திருந்தது.

இதே எதிர்ப்பொருளை மனிதனுக்கு ஏற்றபடி திருத்திச் செய்ததுதான் லெக்கானெமாப் என்ற மருந்து. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அது வியாதியைக் குணப்படுத்தவில்லை. 18 மாதப் பரிசோதனையில் சரிவின் வேகத்தை 27 சதவிகிதம் குறைத்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் ஏற்படுகின்றன. இவ்வளவு அபாயத்துக்கு உட்படுகிறவருக்கு, மருந்து தம் மூளையில் வேலை செய்கிறதா என்று அறியும் உரிமை இல்லையா?

ஒற்றன் இன்னும் ஆஸ்பத்திரிகளில் சாதாரண உபயோகத்துக்கு வரவில்லை. எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல நாள் சுற்றிக்கொண்டிருக்கும். அது வடியக் காத்திருந்துதான் படம் எடுக்க வேண்டும். அத்தனை நாளும் உடம்பு கதிரைத் தாங்க வேண்டும். ஆகையால், சீக்கிரம் ரத்தத்தை விட்டு அகலக்கூடிய சிறிய எதிர்ப்பொருள்களை இப்போது செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.