786ஐ எழுதும் வழிகள்

கல்முனையில் என் வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு பக்கமும் 786 என்றுதான் தொடங்கும். பிஸ்மில்லாஹ்வின் அறபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறையிலுள்ள பெறுமானங்களைக் கூட்டினால் வரும் தொகை அது. அப்படி எழுதலாமா என்பது ஆலிம்கள் பேசவேண்டிய விடயம். என் கேள்வி வேறு: எழுத்துகளைக் கூட்டி வந்த தொகையை நாம் ஏன் எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதுகிறோம்?

அப்ஜத்தில் 786 என்பது மூன்று எழுத்து: புள்ளியுள்ள தால் 700, ஃபா 80, வாவ் 6. ஆனால் 7க்கு ஸே, 70க்கு ஐன், 700க்குத் தால். மூன்றுக்கும் உறவுண்டு என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. பழந்தமிழில் ௭௱௮௰௬ என்று எழுதினார்கள். உறவு தெரிகிறது, ஆனால் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி வேண்டும்.

இந்திய இலக்கமுறையில் ஒரே 7 இடம் மாறினால் பெறுமானமும் மாறும். வெற்றிடத்தைப் பூச்சியம் காக்கும். அதனால் எல்லா இடத்துக்கும் ஒரே விதி போதும். “ஏழும் எட்டும் பதினஞ்சு. அஞ்சப் போடு, கையில ஒண்டு” என்று வாப்பா முணுமுணுப்பாரே, அந்த விதிதான். தொகை எவ்வளவு பெரிதானாலும் அது மாறாது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி இந்த முறையை விளக்கி நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனது. அவருடைய பெயர்தான் ‘அல்கோரிதம்’ ஆனது. ஆனால் அவரது அட்சரகணித நூலில் குறியீடே கிடையாது, எல்லாம் வசனம். 15ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் அல்-கலஸாதி தெரியாக் கணியங்களுக்கு அறபு எழுத்துகளைச் சுருக்கக் குறிகளாகப் பயன்படுத்தினார்.

1703இல் லைப்னிட்ஸ் 0, 1 மட்டும் கொண்ட துவித முறையை விளக்கி வெளியிட்டார். அதில் 786 என்பது 1100010010. 1854இல் ஜோர்ஜ் பூல் அளவையியலையே அட்சரகணிதம்போல எழுதினார்: மெய் 1, பொய் 0. இரண்டும் எங்கே சந்திக்கின்றன? துவிதத்தில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் 0, ‘கையில ஒண்டு’. இதுவும் அதுவும் 1 ஆனால் மட்டுமே கையில் ஒன்று வரும். அது பூலின் ‘இதுவும் அதுவும்’ என்ற விதியேதான். தொடராக இணைத்த இரண்டு ஆளிகளும் மூடினால் மட்டும் மின் பாய்வதும் அதே விதி. பூலின் கணிதத்தால் ஆளிச் சுற்றுகளை அமைக்கலாம் என்று 1937இல் க்ளோட் ஷனன் தன் ஆய்வேட்டில் காட்டினார். வாப்பாவின் முணுமுணுப்பை இயந்திரத்துக்குக் கொடுக்க வழி பிறந்தது.

“கணினியைத் தந்ததே நாங்கதான்” என்று மேடையில் முழங்குகிறோம். அல்-குவாரிஸ்மி அப்படிச் சொல்லவில்லை. தான் விளக்குவது ஹிந்தின் கணக்கு என்றே சொன்னார். பிறர் கண்டதைப் பெயர் மறைக்காமல் கற்று, இன்னொருவர் கற்கும்படி எழுதிவைத்தார். அவரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.