நாற்காலியை விரும்பிய பெண்

அரசியலில் உச்சப் பதவியை விரும்பாமலே ஒருவர் அதில் போய் அமர்வது அரிது. சீட்டுக்கு முயல்வதும், கட்சிக்குள் ஆள் சேர்ப்பதும், நேரம் பார்த்துத் தலைவருக்கு எதிராக நிற்பதும் அந்தத் தொழிலின் அன்றாட வேலைகள். ஆண் செய்தால் சாமர்த்தியம் என்று பெயர் பெறும் இந்தக் காரியங்கள், பெண் செய்யும்போது பதவி வெறியாகவும் துரோகமாகவும் பேசப்படுகின்றன. இந்த வேறுபாட்டை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஆஸ்திரேலியாவின் அண்மைக்கால வரலாறு உதவுகிறது. அங்கே அந்த ஆண்டுகளில் கட்சித் தலைவரை எம்.பி.க்களே வாக்களித்து ஏற்றி வைத்தார்கள், அவர்களே இறக்கியும் விட்டார்கள். ஆகவே ஒரே காரியத்தைப் பல ஆண்களும் ஒரு பெண்ணும் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் ஜூலியா கில்லார்ட். 1961-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அடிலெய்டில் குடியேறியவர். வழக்கறிஞராக இருந்து 1998-இல் தொழிற்கட்சி எம்.பி. ஆனார். 2007 தேர்தலில் கெவின் ரட் தலைமையில் கட்சி வென்றபோது துணைப் பிரதமர். 2010-இல் பருவநிலைத் திட்டத்தை ரட் ஒத்திவைத்ததும் அவருடைய செல்வாக்கு சரிந்தது. அவர் யாரையும் கலந்து பேசுவதில்லை என்ற குறை கட்சிக்குள் முன்பே இருந்தது. ஜூன் 23 இரவு கில்லார்ட் அவரிடம் நேரில் போய்த் தலைமைக்குப் போட்டியிடப் போவதாகச் சொன்னார். தோற்பது உறுதி என்று கண்ட ரட் மறுநாள் போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமராக அவர் பதவியேற்றார்.

அன்று ஒட்டிக்கொண்ட முதுகில் குத்தியவர் என்ற பெயர், மூன்றாண்டு ஆட்சி முழுவதும் அவரை விடவில்லை. முதல் பதவிக்காலம்கூட முடியாத பிரதமரைச் சொந்தக் கட்சியே இறக்கியது மக்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது என்பது உண்மை. அதற்கான காரணத்தைக் கட்சி மக்களிடம் சரியாக விளக்கவும் இல்லை. ஆனால் அதே நாற்காலிப் போட்டியில் ஆண்கள் எப்படி மதிப்பிடப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1991-இல் பால் கீட்டிங், தொடர்ந்து நான்கு தேர்தல்களில் வென்ற பாப் ஹாக்கை வீழ்த்திப் பிரதமரானார். அவரை இன்றும் அஞ்சாத போராளி என்றே கொண்டாடுகிறார்கள். கில்லார்டைத் துரோகி என்று தாக்கிய எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் டோனி அபட்டே 2009 டிசம்பரில் மால்கம் டர்ன்புல்லை 42-க்கு 41 என்ற ஒரே வாக்கில் கவிழ்த்துத் தலைவரானவர். டர்ன்புல் 2015-இல் அபட்டை இறக்கினார். 2018-இல் டர்ன்புல்லும் இறக்கப்பட்டு ஸ்காட் மாரிசன் வந்தார். இவர்கள் மீதும் கோபமும் கசப்பும் எழுந்தன. ஆனால் இவர்களில் எவருடைய ஆசையும் ஆண்மைக்குப் பொருந்தாத குணக்கேடாகப் பேசப்படவில்லை.

கில்லார்டின் ஆசையோ அவருடைய உடலோடும் வீட்டோடும் சேர்த்துப் பேசப்பட்டது. 2005-இல் வந்த ஒரு பத்திரிகைப் படத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் பழம் வைக்கும் கிண்ணம் காலியாக இருந்தது. குடும்ப வாழ்க்கை இல்லாத பெண் என்பதற்கு அதையே சாட்சியாக்கினார்கள். 2007-இல் செனட்டர் பில் ஹெஃபர்னன், அவர் வேண்டுமென்றே மலடியாக இருப்பவர், தலைமைக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். பெண்ணியச் சிந்தனைக்குப் பெயர்போன ஜெர்மைன் கிரீரே தொலைக்காட்சியில் பிரதமரின் மேலங்கியையும் உடல்வாகையும் விமர்சித்தார். ஒரு பிரதமரைப் பற்றிப் பேச வேறு எதுவும் இல்லாததுபோல இந்தப் பேச்சு ஓடியது.

பிள்ளை பெற்றிருந்தால் தப்பித்திருப்பாரா? அதுவும் இல்லை. அண்டை நாடான நியூசிலாந்தில் 2017-இல் ஜெசிண்டா ஆர்டன் கட்சித் தலைவரான சில மணி நேரத்திலேயே, பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். குழந்தை இல்லாவிட்டால் பாசமற்றவள், இருந்தால் வேலையில் கவனம் செலுத்த முடியாதவள். எந்தப் பதிலும் சரியாகாத கேள்வி அது.

இந்த வெறுப்பை உளவியல் ஆய்வு ஒன்றும் அடையாளம் கண்டது. கில்லார்ட் பிரதமரான அதே 2010-இல் டைலர் ஒகிமோட்டோ, விக்டோரியா பிரெஸ்கால் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கற்பனையான ஒரு செனட்டரைப் பற்றிய குறிப்பை வாசகர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு அந்த செனட்டர் ஆண், சிலருக்குப் பெண். அதிகாரத்தை நாடுபவர் என்ற விவரம் ஆணுக்கான ஆதரவைக் குறைக்கவில்லை. பெண்ணுக்கோ ஆதரவு குறைந்தது. அதோடு அவர்மீது அருவருப்பும் அறம் சார்ந்த கோபமும் எழுந்தன. பெண் வாசகர்களும் ஆண்களைப் போலவே எதிர்வினை காட்டினார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கும் செய்தி. பெண் என்றால் பிறர் நலம் பார்ப்பவள் என்ற எதிர்பார்ப்பு இருபாலரிடமும் ஊறிக் கிடக்கிறது. தனக்காக ஒன்றைக் கேட்கும் பெண் அந்த எதிர்பார்ப்பை மீறுகிறாள்.

2010 ஆகஸ்ட் தேர்தலில் இரு பெரிய அணிகளும் தலா 72 இடங்கள் பெற்றன. சுயேச்சைகளோடும் பசுமைக் கட்சியோடும் பேசிப் பேசி கில்லார்ட் ஆட்சி அமைத்தார். பெரும்பான்மை இல்லாமலே 500-க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றினார். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டம் அவற்றில் முக்கியமானது. ஆனால் கார்பன் வரி கொண்டுவரப் போவதில்லை என்று தேர்தலுக்கு முன் சொன்ன வாக்கை அவர் காப்பாற்றவில்லை. அதற்காக அவரைக் கண்டிப்பது முழுக்க நியாயம். அந்தக் கண்டனம் எங்கே திசைமாறியது என்பதுதான் கேள்வி. 2011 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் முன் நடந்த வரி எதிர்ப்புக் கூட்டத்தில் அவரைச் சூனியக்காரி என்று எழுதிய பதாகைகள் எழுந்தன. அவற்றின் முன்னால் நின்றுதான் அபட் உரையாற்றினார்.

2012 அக்டோபர் 9 அன்று, சபாநாயகர் அனுப்பிய ஆபாசக் குறுஞ்செய்திகளைக் காட்டி அவரை நீக்கக் கோரும் தீர்மானத்தை அபட் கொண்டுவந்தார். பெண் வெறுப்பைப் பற்றி அபட்டிடம் பாடம் கேட்கத் தயாராக இல்லை என்று கில்லார்ட் எழுந்து நின்று பதில் சொன்னார். அபட்டின் பழைய பேச்சுகளையும் அந்தப் பதாகைகளையும் ஒவ்வொன்றாக நினைவூட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் பலர் அதைச் சபாநாயகரைக் காப்பாற்றும் தந்திரம் என்றே எழுதினார்கள். உலகெங்கும் பெண்கள் அந்த உரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தலைநகர் கான்பெராவின் அரசியல் கணக்குகளில் மூழ்கியவர்களுக்குத் தெரியாதது, வேலையிடத்தில் இதே சொல்லடிகளை வாங்கியவர்களுக்கு உடனே புரிந்தது.

2013 ஜூன் 26 அன்று கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் ரட் 57-க்கு 45 என்று வென்று மீண்டும் பிரதமரானார். விடைபெறும்போது கில்லார்ட் நிதானமாகவே பேசினார். தான் பெண் என்பது தன் பதவிக்காலத்தில் நடந்த எல்லாவற்றையும் விளக்கிவிடாது, ஒன்றையுமே விளக்காது என்பதும் இல்லை என்றார். அவரைப் பற்றிய மிகச் சரியான கணிப்பு அதுதான்.

பொறுத்திருந்தால் பதவி தானாக வரும் என்று பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையையும் ஆஸ்திரேலியா சோதித்துப் பார்த்திருக்கிறது. ஜூலி பிஷப் 11 ஆண்டுகள் லிபரல் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர். தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் துணையாகவே இருந்தார். வெளியுறவு அமைச்சராக மக்களிடையே நல்ல பெயரும் எடுத்தார். 2018-இல் தலைமைக்கு நின்றபோது 85 பேரில் 11 பேரே அவருக்கு வாக்களித்தார்கள். வேறொருவரைத் தடுப்பதற்காகச் சிலர் மாரிசன் பக்கம் சாய்ந்தது உண்மை. அந்தத் தந்திரத்துக்கும் பலியானவர் அவர்தான்.

மனநிலை மாறட்டும் என்று தொழிற்கட்சிப் பெண்கள் காத்திருக்கவில்லை. வெல்லக்கூடிய தொகுதிகளில் 35 சதவீதம் பெண்களுக்கு என்ற விதியை 1994-இல் கட்சி மாநாட்டில் போராடிப் பெற்றார்கள். பிறகு அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். 2022 தேர்தலுக்குப் பின் அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒதுக்கீடு வேண்டாம், தகுதி போதும் என்று சொல்லிவந்த லிபரல் கட்சி 1944-இல் தொடங்கப்பட்டது. அதன் தேசியத் தலைமைக்கு சூசன் லீ என்ற முதல் பெண் வந்தது 2025 மே மாதத்தில், அதுவும் கட்சி பெருந்தோல்வி கண்ட பிறகு.