பிஸ்டல் வேண்டாம், ரைஃபிள் ஓகே!

தென் கொரியாவில் 1980-களின் தொடக்கம். ஜெனரல் சுன் டூ-ஹ்வானின் ராணுவ ராஜ்ஜியம். பத்திரிகையில் கமா போடுவதற்குக்கூட சென்ஸார் ஆபீஸரின் தயவு வேண்டும்.

அந்த நேரத்தில் வாரப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடர்கதை எழுத உட்கார்ந்தார், கிம் ஹோங்-ஷின். 1947-ல் பிறந்தவர், அப்போது முப்பத்து சொச்சம் வயசு. ரௌடி, லஞ்சப் பேர்வழி, போலிச் சாமியார் என்று எல்லோரையும் புரட்டி எடுக்கும் 22 வயசுப் பையன்தான் ஹீரோ. பெயர், க்வோன் சோங்-சான். கொரிய மொழியில் சேர்த்துப் படித்தால் 'இடுப்பில் பிஸ்டல் செருகியவன்' என்று அர்த்தம் வரும். சென்ஸார் சும்மா விடுமா? 'மாத்துய்யா!' என்றது. மாற்றினார். ஜாங் சோங்-சான். அதற்கு அர்த்தம், 'ரைஃபிள் மாட்டியவன்'! இது பாஸாகிவிட்டது!

'மனிதச் சந்தை' என்ற அந்த நாவல் 1981-ல் புத்தகமாகி, கொரியாவிலேயே முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதி தாண்டியது. 1988-ல் டி.வி. தொடரும் ஆனது.

1996-ல் எம்.பி. ஆனார். கட்சிப் பட்டியலில் கிடைக்கிற ஸீட். அங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை. 1998-ல் ஒரு தேர்தல் கூட்டத்தில், அதிபர் கிம் டே-ஜுங் சொல்கிற பொய்க்கு வாயை ஃபேக்டரி தையல் மெஷினில் வைத்துத் தைக்கணும் என்று பேசிவிட்டார். ரொம்ப ஓவர்தான். கோர்ட், கேஸ், அபராதம்!

ஆனால் சொந்தக் கட்சியையும் அவர் விட்டு வைக்கவில்லை. 2001 டிசம்பரில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிதியைப் பிரிக்க வேண்டும் என்றது கட்சி. 'கூடாது' என்றார் இவர். கமிட்டியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். கட்சியை விட்டு விலகலாமே என்பீர்கள். விலகினால் எம்.பி. பதவி காலி, பட்டியல் ஸீட்டில் அதுதான் சட்டம். அரசியல் சாசன கோர்ட்டுக்குப் போனார். 2003 அக்டோபரில் தீர்ப்பு... தோல்வி!

அந்த வருஷக் கடைசியில் பதவியை உதறினார். 2004-ல் வேறு கட்சி சார்பில் ஸியோலின் ஜோங்னோ தொகுதியில் நின்று, ஆயிரம் ஓட்டுகூட வித்தியாசமில்லாமல் தோற்றார்.

பிறகு? மறுபடி பேனா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோன பால்ஹே ராஜ்ஜியத்தைப் பற்றி ஒரு சரித்திர நாவல். 2007-ல் வந்தது. மொத்தம் பத்து பாகம்!