தோகை விரித்த பெட்டை!

1474-ம் ஆண்டில் பேசல் நகரில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. இந்த நகரம் இன்று சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கிறது.

குற்றவாளி மனிதன் அல்ல, ஒரு சேவல்! அது செய்த குற்றம், முட்டை இட்டது!

சேவல் இடும் முட்டையைத் தேரையோ பாம்போ அடைகாத்தால், அதிலிருந்து ஒரு கொடிய பிராணி பிறக்கும். அதன் பார்வை பட்டாலே ஆள் செத்து விழுவான் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் நம்பினார்கள். அதனால் நீதிபதிகளுக்கும் பயம். சேவலுக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஊர் ஜனங்கள் கூடி நின்று பார்க்க, சேவலையும் முட்டையையும் நெருப்பில் போட்டு எரித்தார்கள்.

அந்தச் சேவல், சேவல்தானா? அல்லது சேவல் போலத் தோற்றம் மாறிய பெட்டையா? அதை யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில்...

நம் ஊரில் வழக்கு, விசாரணை எல்லாம் கிடையாது. பெட்டைக் கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அன்றைக்கே அது குழம்புச் சட்டிக்குப் போய்விடும். "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?" என்று பெண்களை மட்டம் தட்டவும் அந்தக் கோழியையே இழுப்பார்கள்.

ஆனால், பெட்டை கூவுவது உண்டு. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். சண்டையில் சேவலை ஜெயித்த பெட்டை, சேவல் போலவே கூவும். வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்கிறார். தாய்க்கோழி செத்துப்போனால், சில சேவல்கள் கூவுவதை விட்டுவிட்டுக் குஞ்சுகளைக் காப்பாற்றும் என்றும் அவர் சொல்லுகிறார். பெட்டையைத் திட்டுகிறவர்கள் இந்தச் சேவலைப் பற்றிப் பேசுவதே இல்லை!

சீமாட்டியின் மயில்

இங்கிலாந்தில் டின்ட் சீமாட்டி என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு பெண் மயிலை ஆசையோடு வளர்த்தார். அது எட்டுத் தடவை குஞ்சு பொரித்தது. அதற்குச் சுமார் 11 வயது ஆனபோது, வழக்கம் போல இறகு உதிர்த்தது. புது இறகு முளைத்தது. பார்த்தால், ஆண் மயிலின் இறகு! வீட்டில் எல்லோரும் அசந்து போனார்கள்.

அடுத்த ஆண்டும் அப்படியே. மூன்றாவது ஆண்டில், ஆண் மயிலுக்கு இருப்பது போலக் காலில் முள்ளும் வந்துவிட்டது. அதன் பிறகு அந்த மயில் குஞ்சு பொரிக்கவே இல்லை.

இந்தச் செய்தியை லண்டன் டாக்டர் ஜான் ஹண்டர் 1780-ல் எழுதினார். பெயர் பெற்ற அறுவை மருத்துவர் அவர். ஆண் இறகு பூண்ட பெண் பறவைகள் வேறு சிலவற்றையும் அவர் சோதித்துப் பார்த்தார். வயதாகி, முட்டை இடும் பருவம் தாண்டிய பிறகே இந்த மாற்றம் வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. இது பிசாசு வேலை அல்ல; உடம்புக்குள் நடக்கும் வேலை என்று கண்டுகொண்டார்.

தாய் தகப்பன் ஆனது!

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் ஸ்காட்லாந்து நாட்டில், எடின்பரோ நகரில் வெளிவந்தது. பிராணிகளின் பரம்பரையைப் பற்றி ஆராய்ந்து வந்த கிரூ என்ற விஞ்ஞானி, 1923-ல் ஒரு கோழியின் சரித்திரத்தை வெளியிட்டார்.

அது ஆர்பிங்டன் என்ற ஜாதிக் கோழி. மூன்றரை வயது வரை ஒழுங்காக முட்டை இட்டது. அதன் முட்டைகளில் குஞ்சும் பொரித்தன. திடீரென்று முட்டை நின்றது. கொண்டை பெரிதாகியது. கோழி கூவத் தொடங்கியது!

அதை ஒரு பெட்டையோடு விட்டார்கள். அந்தப் பெட்டை இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. ஒரு காலத்தில் தாயாக இருந்த கோழி, இப்போது தகப்பன்!

அது செத்த பிறகு வயிற்றைக் கிழித்துப் பார்த்தார் கிரூ. முட்டை உண்டாகும் சூலகத்தை நோய் அழித்துவிட்டிருந்தது. சேவலுக்கு உள்ள விரைகள் உள்ளே வளர்ந்திருந்தன.

எல்லாக் கோழியும் இப்படி ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. உருவம் மாறும் பெட்டைகள் அங்கங்கே உண்டு. தகப்பன் ஆகும் பெட்டை மிக மிக அபூர்வம்.

காரணம் என்ன?

பெட்டைக் கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யும். வலப்பக்கத்தில் இருப்பது வளராமல், சின்னத் துணுக்காக ஒடுங்கிக் கிடக்கும்.

இடப்பக்கச் சூலகம் முட்டையை மட்டும் தருவதில்லை. பெண் ஹார்மோன் என்ற ரசத்தையும் ரத்தத்தில் கலக்கிறது. பெட்டைக்கு அடக்கமான இறகைத் தருவது அந்த ரசந்தான். அது இல்லாவிட்டால் கோழி இனத்துக்குப் பகட்டான இறகே முளைக்கும். விரை எடுத்த சேவலைப் பாருங்கள். கொண்டை சுருங்கும், கூவலும் குறையும், ஆனால் பகட்டு இறகு மட்டும் போகாது.

கட்டியோ நோயோ வந்து சூலகம் கெட்டால், பெண் ரசம் வற்றுகிறது. அடுத்த தடவை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் வேஷம் வருகிறது. வலப்பக்கத்துத் துணுக்கும் சில சமயம் விழித்துக்கொள்ளும். அது ஆண் ரசத்தைச் சுரக்கும். உடனே கொண்டை சிவந்து பெருக்கும், கூவலும் வரும்.

வான்கோழி வீட்டில்

வான்கோழி வளர்க்கிறவர்களுக்கு வரும் குழப்பம் வேறு.

வான்கோழியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஆண் வான்கோழி வாலை விசிறி போல் விரித்து, இறக்கை தரையில் உரச, உடம்பை உப்பிக்கொண்டு நடக்கும். ஒரு நாள் காலையில் பெட்டையும் அப்படியே நடக்கும்! "பெட்டை என்று ஏமாற்றி ஆணை விற்றுவிட்டார்களோ?" என்று வாங்கியவருக்குச் சந்தேகம் வரும். கத்தியைத் தேடுவார்.

அவசரப்படக் கூடாது. வான்கோழிப் பெட்டை நல்ல உடல் நிலையிலேயே இப்படிச் செய்யும். கூட்டத்தில் யார் பெரியவள் என்ற சண்டை வந்தால் செய்யும். புதுப் பறவையைக் கொண்டுவந்து விட்டால் செய்யும். கிடையில் ஆண் இல்லாவிட்டாலும், பெட்டை ஒன்று நாட்டாண்மை எடுத்துக்கொண்டு வாலை விரிப்பது உண்டு. இதில் நோய் எதுவும் இல்லை. காட்டு வான்கோழிகளில், மார்பில் தாடி மயிர் தொங்கும் பெட்டைகள்கூட உண்டு. அவையும் முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

ஆணா, பெண்ணா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கருநிற வான்கோழியாக இருந்தால் மார்பு இறகின் நுனியைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு நுனி கறுப்பாக இருக்கும், பெட்டைக்கு வெளுத்திருக்கும். வெள்ளை வான்கோழியில் இந்த வித்தை பலிக்காது. மூக்கின் மேல் தொங்கும் சதை ஆணுக்கு நீளம், பெட்டைக்குக் குட்டை. எச்சத்திலும் வித்தியாசம் உண்டு. ஆணின் எச்சம் நீளமாக, ஒரு முனை வளைந்து கிடக்கும். பெட்டையின் எச்சம் சுருண்டு குவிந்து கிடக்கும். காலையில் கூட்டைப் பெருக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கு இது ஐயாவைவிட முன்னாலேயே தெரிந்துவிடும்!

வான்கோழிப் பெட்டையின் இன்னொரு வேலை விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. 1950-களில் அமெரிக்காவில், பெல்ட்ஸ்வில் அரசாங்கப் பண்ணையில் ஓல்சன் என்பவர் ஆராய்ச்சி செய்தார். ஆண் வாடையே இல்லாமல் தனியாக வைத்த பெட்டைகள் இட்ட முட்டைகளை அடை வைத்தார். சில முட்டைகளில் கரு வளர்ந்தது. ஒரு சில பொரிக்கவும் செய்தன. தகப்பனே இல்லாத குஞ்சுகள்! அத்தனையும் ஆண் குஞ்சுகள். வளர்ந்த பிறகு அவற்றில் சில தகப்பனும் ஆயின.

ஆகவே, வாலை விரித்த பெட்டையை இரண்டு வாரம் கவனித்தால் போதும். தீனி தின்கிறதா, முட்டை நின்றுவிட்டதா என்று பார்க்கலாம். முட்டை நின்று, உடம்பும் மெலிந்தால் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், காலையில் வாலை விரித்து ஊரை மிரட்டிய அதே பெட்டை, மத்தியானம் வைக்கோல் மூலையில் போய் உட்காரும். எழுந்து போன பிறகு பார்த்தால், புள்ளி போட்ட முட்டை ஒன்று சூடாகக் கிடக்கும்.