ஒரு பிரிண்டர், பத்து கணினி

அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரே பிரிண்டருக்கு அச்சு அனுப்ப வழி செய்வதுதான் நெட்வொர்க் பிரிண்டிங். பிரிண்டரை யு.எஸ்.பி. ஒயரால் ஒரு கணினியோடு இணைத்து, அதை மற்றவர்களுக்கும் பகிர்ந்துகொடுப்பது பழைய முறை. அந்தக் கணினியை அணைத்துவிட்டால் யாரும் அச்செடுக்க முடியாது. பிரிண்டரை நேரடியாக ரவுட்டரிலோ நெட்வொர்க் ஸ்விட்ச்சிலோ இணைத்துவிட்டால் அது எந்தக் கணினியையும் நம்பியிராமல் தனித்து இயங்கும்.

இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணிக் கூடங்களுக்கும் இது அன்றாடத் தேவை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. சரக்குக்கான ஜி.எஸ்.டி. பில்லை மூன்று படிகள் எடுக்க வேண்டும்: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. கணக்குப் பிரிவில் பில் தயாரானாலும் குடோனில் அச்சு வராவிட்டால், லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் மனுக்கள் உரிய நேரத்தில் அச்சாக வேண்டும்.

கணினி நெட்வொர்க்கும் பிரிண்டரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. இன்று உலகெங்கும் உள்ள ஈதர்நெட் இணைப்பு, 1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவானது. அங்கிருந்த கணினிகளை ஒன்றோடொன்றும், அதே ஆய்வகத்தில் உருவான லேசர் பிரிண்டரோடும் இணைப்பதே அதன் நோக்கம்.

முதலில் பிரிண்டருக்கு இடம் பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசி பறக்கும் பகுதிக்கு அருகே வைத்தால் காகிதத்தை இழுக்கும் உருளைகளில் தூசி படிந்து தாள் சிக்கும். மூடிய அறையே நல்லது. லேசர் பிரிண்டர் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்த நேரத்தில் மின்சாரத்தை மிக அதிகமாக இழுக்கும் என்பதால், கணினிக்கான சிறிய யு.பி.எஸ்.ஸில் அதைச் செருகக் கூடாது. ஆனால் ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் யு.பி.எஸ்.ஸில் வைப்பது அவசியம்.

அடுத்தது இணைப்பு. வைஃபை வசதியானது என்றாலும், கனத்த சுவர்களும் இயந்திரங்களும் நிறைந்த ஆலையில் கேபிளே நம்பகமானது. ஒரே துண்டு நெட்வொர்க் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். குடோன் அதைவிடத் தொலைவில் இருந்தால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். வைஃபைதான் வழி என்றால், விலை குறைந்த பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும் என்பதை வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் மிக முக்கியமான கட்டம் ஐ.பி. முகவரி. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.50 என்பது போன்ற ஓர் எண் உண்டு. இதை வழக்கமாக ரவுட்டர் தானாகவே, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழங்குகிறது. மின்வெட்டுக்குப் பிறகோ நீண்ட விடுமுறைக்குப் பிறகோ வேறு எண் கிடைக்கலாம். வீட்டு எண் மாறியது தபால்காரருக்குத் தெரியாதது போல, கணினிகள் பழைய எண்ணுக்கே அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று ஓடவில்லை என்னும் புகார்களில் பல இப்படி வருபவைதான்.

இதைத் தவிர்க்க, பிரிண்டருக்கு மாறாத முகவரி தர வேண்டும். பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டால், அதில் 12 இலக்க மேக் முகவரி இருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த மேக் முகவரிக்கு இன்ன ஐ.பி. எண் என்று ஒதுக்கிவிட்டால் போதும். பிரிண்டரிலேயே எண்ணைக் கையால் பதிவதும் உண்டு. அப்போது ரவுட்டர் பிற கருவிகளுக்கு வழங்கும் எண் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்து இரண்டும் தடுமாறும்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துக் காட்டும் பெயரைச் சொடுக்குவதைவிட, ஐ.பி. முகவரி மூலம் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து எண்ணைத் தட்டச்சு செய்வது உறுதியானது. பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் பெற வேண்டும். டிரைவரில் காகித அளவு அமெரிக்க ‘லெட்டர்’ என்று இருந்தால் ஏ4 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டில் தாள் இருந்தும் பிரிண்டர் வேறு தாளைக் கேட்டு நிற்கும்.

தமிழ் ஆவணம் குறியீடுகளாக அச்சாவதற்குப் பெரும்பாலும் பிரிண்டர் காரணமல்ல. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அச்சிடுவதே காரணம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. யூனிகோடில் எழுதினாலோ பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினாலோ இந்தச் சிக்கல் வராது.

அச்சு வராதபோது வரிசையாகச் சோதிக்க வேண்டும். பிரிண்டரிலிருந்தே சோதனைப் பக்கம் வந்தால் இயந்திரம் நலம். கணினியில் ‘பிங்’ கட்டளையோடு பிரிண்டரின் எண்ணைக் கொடுத்துப் பதில் வந்தால் இணைப்பும் நலம். அதன் பிறகும் அச்சு வராவிட்டால், கணினியின் அச்சு வரிசையில் சிக்கிய பழைய வேலைகளை நீக்கிவிட்டு டிரைவரைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பும் இந்த வேலையின் பகுதியே. 2021-இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. கணினிகளையும் பிரிண்டரின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பிரிண்டருடன் வரும் பொதுக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். வெளி இணையத்திலிருந்து எட்டும்படி பிரிண்டரைத் திறந்துவைக்கவே கூடாது.

பிரிண்டரின் ஐ.பி. முகவரியை அதன் மேலேயே ஒட்டிவைத்து, அந்த எண்ணையும் மேக் முகவரியையும் டிரைவரின் பெயரையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கணினி ஆள் வந்து சேரும்வரை காத்திருக்காமல், அலுவலக ஊழியரே பிரிண்டரைத் திரும்ப ஓடவைக்க அந்தக் குறிப்புகள் போதும்.